குளத்து நீரும் கணக்குத் தாளும்

காலபோக அறுவடை முடிந்து, வயல்களில் அரிதாள் காய்ந்து கிடக்கும் பங்குனி மாதத்தில், வன்னிப் பெருநிலத்துக் கமக்காரர் ஒருவரையொருவர் காணுங்கால் கேட்கும் முதற் கேள்வி, குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்பதே. கிளிநொச்சியில் அக்கேள்வி இரணைமடுவைக் குறிக்கும். முல்லைத்தீவு மாவட்டத்தில் வவுனிக்குளத்தையோ முத்தையன்கட்டையோ தண்ணிமுறிப்பையோ குறிக்கும். வவுனியாவிலாயின் பாவற்குளத்தைக் குறிக்கக்கூடும். அடிக்கணக்குத் தெரிந்தவுடன் எழுவது, சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்னும் இரண்டாம் கேள்வி. மூன்றாம் கேள்வியே எல்லாவற்றினும் கடினமானது: அந்த ஏக்கர்கள் யார் யாருக்கு?

இக்கேள்விகளுக்கு விடை காண்பதற்கு வேண்டிய இடாப்புகளும் பட்டியல்களும் முன்னாளில் தடித்த பதிவேடுகளில் மையால் எழுதப்பட்டிருந்தன. இந்நாளில் அவை கணினிக்குள் புகுந்துவிட்டன. அங்கு அவற்றைத் தாங்கி நிற்பது விரிதாள் எனப்படும் கணக்குத் தாள். அண்மைச் சில ஆண்டுகளில் இவ்விரிதாளினுள் செயற்கை நுண்ணறிவும் வந்து அமர்ந்திருக்கிறது. "இந்தப் பட்டியலில் ஒரே காணி இருமுறை பதியப்பட்டுள்ளதா?" என்று மனிதரிடம் கேட்பது போலக் கேட்டால், அது விடை கூறுகிறது. அவ்விடையை எவ்வளவு தூரம் நம்பலாம், எவ்விடத்தில் நிறுத்திச் சரிபார்க்க வேண்டும் என்பவற்றை அறிந்துகொள்வது, நீர்ப் பங்கை நம்பி வாழும் ஒரு நாட்டவர்க்கு வெறும் தொழில்நுட்ப ஆர்வம் அன்று.

முதலில் கணக்கை நோக்குவோம். வவுனியா மாவட்டத்தில் தோன்றி வடக்கு நோக்கிப் பாயும் கனகராயன் ஆற்றை மறித்து அமைக்கப்பட்டது இரணைமடுக் குளம். 1902ஆம் ஆண்டில் வேலை தொடங்கி 1920களில் நிறைவெய்திய இக்குளம், பின்னர் பலமுறை திருத்தப்பட்டது. இறுதியாக நடந்த புனரமைப்பின் பயனாக இப்பொழுது 36 அடி வரை நீரைத் தாங்குகிறது. இதன் கீழ் ஏறக்குறைய 21,000 ஏக்கர் வயல் உண்டு. வடகீழ்ப் பருவமழை துணைநிற்கும் காலபோகத்தில் இவ்வயல் முழுவதும் விதைக்கப்படும். சிறுபோகத்திலோ குளத்து நீரே கதி. ஆதலின் இருப்புக்கு ஏற்ப ஒரு பகுதி நிலமே விதைக்கப்படும். எவ்வளவு என்பதை மாவட்டச் செயலாளர் தலைமையில் நடைபெறும் பயிர்ச்செய்கைக் கூட்டம் தீர்மானிக்கும். நீர்ப்பாசனப் பொறியியலாளரும் கமநல அபிவிருத்தி உத்தியோகத்தரும் கமக்காரர் அமைப்புகளின் பிரதிநிதிகளும் அக்கூட்டத்தில் இருப்பர்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீர் ஓர் ஏக்கர் அடி எனப்படும். அது 43,560 கன அடிக்குச் சமம். குளத்தில் 60,000 ஏக்கர் அடி நீர் இருப்பதாகவும், ஆவியாதலுக்கும் குடிநீருக்கும் அடிநிலை இருப்புக்குமாக 15,000 ஏக்கர் அடியை ஒதுக்குவதாகவும் வைத்துக்கொண்டால், மிகுவது 45,000. ஓர் ஏக்கர் நெல்லுக்கு ஒரு போகத்தில் 5 ஏக்கர் அடி நீர் வேண்டுமெனின் 9,000 ஏக்கர் விதைக்கலாம். நீரைச் சிக்கனமாகப் பாய்ச்சி நாலரை அடியோடு நிறுத்துவதாயின் 10,000 ஏக்கர் விதைக்கலாம். ஆறு அடி வேண்டும் என்றால் 7,500 ஏக்கரே. ஒரே ஓர் எண் மாறியதும் ஆயிரக்கணக்கான ஏக்கர் கூடுவதையும் குறைவதையும் இங்கே காண்கிறோம். பழைய முறையில், கூட்டத்தில் ஒருவர் எழுந்து "நாலரை அடி போதாதா?" என்று கேட்டால், எழுதுவினைஞர் முழுப் பட்டியலையும் மறுபடியும் கணக்கிட வேண்டும். அதற்கு ஒரு கிழமையேனும் செல்லும்.

இந்தத் தொல்லையைப் போக்குவதற்கே விரிதாள் பிறந்தது. அமெரிக்காவின் ஹாவார்ட் வணிகக் கல்லூரியில் பயின்ற டான் பிரிக்லின் என்பவர், கரும்பலகையில் ஆசிரியர் எழுதிய கணக்கு அட்டவணையில் ஓர் எண் பிழைத்தால் அதனைத் தொடரும் எண்கள் யாவும் அழித்து எழுதப்படுவதைக் கண்டார். தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் ஒரு பலகை இருந்தால் எவ்வாறிருக்கும் என எண்ணினார். அவரும் பொப் ஃபிராங்ஸ்டன் என்பவரும் சேர்ந்து ஆக்கிய விசிகால்க் என்னும் மென்பொருள், 1979ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனத்தின் சிறு கணினிக்கென வெளிவந்தது. 1983இல் லோட்டஸ் 1-2-3 என்பதும், 1985இல் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் எக்செல் என்பதும், 2006இல் இணையத்திலேயே இயங்கும் கூகிள் சீட்ஸ் என்பதும் அதனைத் தொடர்ந்தன.

விரிதாளின் அமைப்பு மிக எளியது. கிடையாகச் செல்வன நிரைகள். நெடுக்காகச் செல்வன நிரல்கள். இரண்டும் வெட்டும் கட்டம் கலம். ஒரு கலத்தில் எண்ணையோ பெயரையோ எழுதலாம். அல்லது பிற கலங்களைச் சுட்டும் சூத்திரம் ஒன்றை எழுதலாம். மேற்கண்ட கணக்கில் நீர் இருப்பு ஒரு கலத்திலும், ஏக்கருக்கு வேண்டிய நீர் மற்றொரு கலத்திலும் இருந்தால், விதைக்கத்தக்க ஏக்கர் என்பது அவ்விரண்டையும் சுட்டும் ஒரு சூத்திரமாக இருக்கும். ஐந்து என்பதை நாலரை என மாற்றிய கணமே, அதன் கீழுள்ள ஆயிரக்கணக்கான நிரைகளும் தாமாக மாறும். இங்கே கருதத்தக்கது விரைவு மாத்திரமன்று. எந்த விடையின்மீது கைவைத்தாலும், அவ்விடை எவ்வாறு வந்தது என்பதைச் சூத்திரம் திறந்து காட்டுகிறது. பதிவேட்டின் ஓரத்தில் எழுதுவினைஞர் பென்சிலால் குறித்து வைத்த கூட்டல் கழித்தலுக்கு ஒப்பானது அது. இத்தன்மையைச் சற்று நினைவில் இருத்துதல் நலம். பின்னர் வரும் புதுமைகளை எடைபோட இதுவே படிக்கல்லாகும்.

செயற்கை நுண்ணறிவு என்னும் பெயர் ஊரெங்கும் ஒலிப்பதற்கு முன்னரே விரிதாளுக்குள் சிறு சிறு நுண்ணறிவுகள் வந்துவிட்டன. 2013ஆம் ஆண்டின் எக்செல்லில், எடுத்துக்காட்டைப் பார்த்து நிரலை நிரப்பும் ஒரு வசதி சேர்க்கப்பட்டது. முதலெழுத்தும் பெயரும் கலந்து எழுதப்பட்ட பட்டியலில், முதல் இரண்டு மூன்று பெயர்களை மட்டும் பிரித்துக் காட்டினால், எஞ்சியவற்றை அதுவே பிரித்துவிடும். மைக்ரோசொப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த சுமித் குல்வானி என்ற இந்திய ஆய்வாளரின் உழைப்பு அது. 2016ஆம் ஆண்டின் எக்செல்லில் கடந்த கால எண்களிலிருந்து வருங்காலத்தை முன்கணிக்கும் தாள் ஒன்று வந்தது. அச்சிட்ட அட்டவணையைக் கைத்தொலைபேசியால் படம் பிடித்து, அதனை நேரே கலங்களாக மாற்றும் வசதியும் பின்னர் வந்தது.

முன்கணிப்பைப் பற்றி இவ்விடத்தில் ஒரு சொல். மாதந்தோறும் குளத்தின் நீர்மட்டத்தை ஒழுங்காகப் பதிந்து வைத்திருந்தால், அடுத்த மாதங்களின் போக்கை இவ்வசதி வளைகோடாக வரைந்து காட்டும். சிறுபோகத்தில் நீர் குறைந்து செல்லும் வேகத்தைக் காண்பதற்கு இது மிகப் பயன்படும். ஆனால் அது அறிந்ததெல்லாம் கடந்த காலத்தின் ஒழுங்கு மட்டுமே. 2018 டிசெம்பர் 21, 22ஆம் தேதிகளில் வன்னியில் கொட்டிய பெருமழையால் இரணைமடு நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டதையும், கிளிநொச்சி முல்லைத்தீவு மாவட்டங்களில் ஊர்கள் வெள்ளத்துள் ஆழ்ந்ததையும், கதவுகள் எப்பொழுது திறக்கப்பட்டிருக்க வேண்டும் என்று பின்னர் எழுந்த வாதங்களையும் மக்கள் மறந்திலர். அத்தகைய இரவை முன்கூட்டி உணர்த்துபவை மழைமானியும் ஆற்றின் மேற்பகுதியில் உள்ள நீரளவைக் கோலும் வானிலை அறிவித்தலுமே. மாதக் கணக்குத் தாள் வரையும் மெல்லிய வளைகோட்டுக்கு அந்த ஆற்றல் இல்லை.

இனி, புதியவற்றுக்கு வருவோம். 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மைக்ரோசொப்ட் நிறுவனம் கோபைலட் என்னும் துணைவனைத் தன் அலுவலக மென்பொருள்களுக்கு அறிவித்தது. அவ்வாண்டு நவம்பரில் அது நிறுவனங்களுக்குக் கிடைக்கலாயிற்று. அதே ஆண்டு ஓகஸ்டில், பைதன் என்னும் நிரல்மொழியை எக்செல்லின் கலத்திலேயே எழுதும் வசதியும் அறிமுகமாயிற்று. கூகிள் நிறுவனம் தன் ஜெமினியைக் கூகிள் சீட்ஸுக்குள் கொணர்ந்தது. 2025 ஓகஸ்டில் மைக்ரோசொப்ட், கலத்தினுள் ஒரு சாதாரணச் சூத்திரத்தைப் போலவே எழுதத்தக்க கோபைலட் சார்பு என்பதை முன்னோட்டமாக வெளியிட்டது. கூட்டல், சராசரி என்பவற்றை எழுதும் இடத்தில், இனி "இந்த முறைப்பாடுகளை வகைப்படுத்துக" என்றும் எழுதலாம்.

பெயர்கள் பலவாயினும் வேலை செய்யும் வழிகள் இரண்டே எனலாம். இவ்விரண்டையும் வேறுபிரித்து அறிதல் இன்றியமையாதது.

முதல் வழியில், செயற்கை நுண்ணறிவு சூத்திரத்தை எழுதித் தருகிறது; கணக்கிடுவது விரிதாளே. "வாய்க்கால் வாரியாகச் சிறுபோகப் பங்கைக் கூட்டு" என்று கேட்டால், அதற்குரிய சூத்திரத்தை அது கலத்தில் இடும். சூத்திரம் கண்முன் நிற்கும். நாளை திறந்தாலும் அதே விடை. வேறொருவர் திறந்தாலும் அதே விடை. பைதன் நிரலை எழுதிக் கொடுக்கும்போதும் இவ்வாறே.

இரண்டாம் வழியில், செயற்கை நுண்ணறிவு தானே விடையைக் கலத்தில் எழுதுகிறது. அதன் பின்னால் இருப்பது மொழி மாதிரி எனப்படும் பொறி. கோடானுகோடிச் சொற்களைப் படித்து, ஒரு சொல்லின் பின் எச்சொல் வருதல் பொருந்தும் எனக் கணிக்கும் ஆற்றலே அதன் மூலதனம். கடிதம் ஒன்றின் கருத்தைச் சுருக்குவதிலும், "வாய்க்கால் உடைந்தது", "துருசு அடைத்தது", "மாடு புகுந்தது" என்று வரும் முறைப்பாடுகளை இனம் பிரிப்பதிலும் அது வல்லது. ஆனால் நூறு எண்களைக் கூட்டச் சொன்னால், கூட்டாமலே கூட்டுத்தொகை போலத் தோன்றும் ஓர் எண்ணைச் சொல்லக்கூடும். அதே கேள்விக்கு இன்று ஒரு விடையும் நாளை சற்று வேறான விடையும் வரலாம். திருத்தமும் மீளப்பெறத்தக்க விடையும் வேண்டும் வேலைகளுக்கு இச்சார்பைப் பயன்படுத்தாதீர் என்று அதனை வெளியிட்ட நிறுவனமே அறிவுறுத்தியுள்ளது. எண் கணக்குகளுக்கு விரிதாளின் பழைய சூத்திரங்களையே நாடுக என்பது அந்நிறுவனத்தாரின் வாக்கு. விற்பவரே இவ்வாறு எச்சரிப்பது அரிது. அதனை மதித்தல் தகும்.

நீர்ப் பங்குப் பட்டியலில் இவ்வேறுபாடு எவ்வளவு பொருளுடையது என்பதை விளக்க வேண்டியதில்லை. தம் பெயருக்கு நேரே அரை ஏக்கர் குறைந்திருப்பதைக் கண்ட கமக்காரர் ஒருவர் காரணம் கேட்பார். "இக்கலத்தில் உள்ள உம் காணியின் அளவை இக்கலத்தில் உள்ள விகிதத்தால் பெருக்கினோம்" என்பது விடை. அவர் ஏற்கலாம், மறுக்கலாம், காணியின் அளவு பிழை எனக் காட்டலாம். "இயந்திரம் இவ்வாறு சொல்லிற்று" என்பது விடையாகாது. வழக்குக்கும் அது நில்லாது. வாய்க்கால் கட்டில் நின்று பேசும் பேச்சுக்கும் நில்லாது.

சூத்திரம் கண்முன் நின்றாலும் அதனைப் படித்தறியும் கடமை தீர்ந்துவிடுவதில்லை. "இரண்டு ஏக்கர் வரை உடையோருக்கு முழுப் பங்கு" என்று ஒரு கூட்டம் தீர்மானித்ததாக வைத்துக்கொள்வோம். இதனைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ சொல்லிச் சூத்திரம் கேட்குங்கால், "இரண்டிலும் குறைந்த" என்னும் பொருளில் அது எழுதப்பட்டுவிட்டால், சரியாக இரண்டு ஏக்கர் உடைய ஒவ்வொரு குடும்பமும் விலகிப்போகும். குடியேற்றத் திட்டங்களில் காணி முழு எண்களாகவே பகிரப்பட்டமையால், இரண்டு ஏக்கர்க்காரர் ஒருவரிருவர் அல்லர். சூத்திரத்தில் ஒரு சிறு சமக்குறி இல்லாமையால் நேரும் கேடு இது. இதனைக் கண்டுபிடிக்கும் வழியும் எளிது: சரியாக இரண்டு ஏக்கர் உடைய ஒருவரின் நிரையை எடுத்துக் கையால் கணக்கிட்டுப் பார்ப்பதே.

விரிதாளின் பிழைகள் செயற்கை நுண்ணறிவோடு வந்தவை அல்ல என்பதையும் கூறுதல் நேர்மை. 2020ஆம் ஆண்டு செப்டெம்பர் இறுதியில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, கொரோனாத் தொற்றாளர் பட்டியலைப் பழைய எக்செல் வடிவத்தில் சேர்த்தது. அவ்வடிவம் 65,536 நிரைகளுக்கு மேல் கொள்ளாது. மிகுந்தவை சத்தமின்றி விழுந்தன. 15,841 தொற்றாளர் நாளாந்தக் கணக்கில் விடுபட்டனர். அவர்களோடு பழகியோரைத் தேடும் பணி தாமதமாயிற்று. அதற்குப் பத்தாண்டு முன்னர், 2010இல், கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரொகொஃப் என்னும் பொருளியலறிஞர் இருவர் நாட்டுக் கடனையும் வளர்ச்சியையும் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், சராசரிச் சூத்திரம் ஐந்து நாடுகளின் நிரைகளைத் தொடாமல் நின்றுவிட்டது. 2013இல் அதனைக் கண்டுபிடித்தவர் தோமஸ் ஹெர்ண்டன் என்னும் பட்டப்பின் மாணவர். அறிஞர்கள் தம் தாளை அவருக்கு அனுப்பியதனாலேயே, சூத்திரம் அதிலே திறந்து கிடந்ததனாலேயே, அப்பிழை வெளிப்பட்டது.

வன்னியின் பட்டியல்களுக்கென்றே சில இடர்கள் உள. 2016 முதல் வழங்கப்படும் தேசிய அடையாள அட்டையின் இலக்கம் 12 தானங்களைக் கொண்டது. வெறும் எண்ணாக அதனை எக்செல் கலத்தில் தட்டினால், அது விஞ்ஞானிகள் எழுதும் அடுக்குக்குறி வடிவில் சுருங்கித் தோன்றும். அவ்வாறே சேமித்து வேறோர் இடத்துக்கு எடுத்துச் சென்றால் இலக்கத்தின் பின்பகுதி தொலைந்துபோக இடமுண்டு. வங்கிக் கணக்கிலக்கத்தின் முன்னே நிற்கும் பூச்சியங்களும் மறைந்துவிடும். பசளை மானியம் இக்காலத்தில் கமக்காரரின் வங்கிக் கணக்குக்கே செல்கிறது. 2024/25 காலபோகம் முதல் அது ஹெக்டயருக்கு 25,000 ரூபா. ஒரு பூச்சியம் மறைந்தால் பணம் திரும்பிச் செல்லும். விதைப்பு முடிந்த பின் பசளைக்குக் காசு வந்து என்ன பயன்? இவ்வாறு எண்ணைத் தானே மாற்றும் பழக்கத்தை நிறுத்தி வைக்கும் தெரிவு ஒன்றை மைக்ரோசொப்ட் 2023இல் சேர்த்தது. அடையாள இலக்கத்துக்குரிய நிரலை, எழுதத் தொடங்குமுன்னரே, எண் என்று கொள்ளாமல் எழுத்து என்று குறித்துவிடுவது இன்னும் பழைய, இன்னும் உறுதியான வழி.

அடுத்த இடர் எழுத்துருவினால் வருவது. இலங்கையின் அலுவலகங்களில் நெடுங்காலமாகப் பாமினி என்னும் எழுத்துரு ஆட்சி செய்தது. அதில் "தமிழ்" என்று திரையில் தோன்றும் சொல், கணினியின் உள்ளே ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கிடக்கிறது. கண்ணுக்குத் தமிழ், கணினிக்குப் பொருளற்ற ஆங்கிலக் கோவை. "செ" என்னும் எழுத்தில் கொம்பு முன்னே தட்டப்பட்டு மெய் பின்னே நிற்கும். ஆதலால் பாமினியில் எழுதிய பெயர்களை அகரவரிசைப்படுத்தினால் தமிழ் அகரவரிசை வாராது. அப்பட்டியலைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து, செல்வராசா என்னும் பெயருடையோரைத் தேடச் சொன்னால், அது ஒருவரையும் காணாது. சில வேளைகளில் கண்டதாகவும் கூறிவிடும். அது இன்னும் தீது. யூனிகோட் என்னும் பொதுக் குறியீட்டில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. பழைய பட்டியல்களை யூனிகோடுக்கு மாற்றித் தரும் மாற்றிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. புதிய நுண்ணறிவு எதையும் பட்டியலின்மீது ஏவுமுன் செய்ய வேண்டிய முதல் வேலை இதுவே. சலிப்பூட்டும் வேலைதான்; ஆயினும் இதனைத் தாண்டிச் செல்ல வழியில்லை.

பெயர்களும் தொல்லை தருவன. செல்வராசா, செல்வராஜா என ஒருவரே இருவகையாய்ப் பதியப்பட்டிருப்பார். ஆங்கிலத்தில் அதற்கு மேலும் நாலைந்து எழுத்துக் கூட்டல்கள் உள. புதிய வசதிகள் இவ்வாறு ஒத்த பெயர்களை இனங்கண்டு ஒன்றாக்க முன்வருகின்றன. கடையின் பொருட் பட்டியலில் அஃது உதவி. ஆனால் ஒரே ஊரில், ஒரே முதலெழுத்தோடு, ஒரே பெயரில் பெரியதந்தை மகனும் சிறியதந்தை மகனும் வாழும் நாட்டில், ஒத்த பெயரெல்லாம் ஒருவர் எனக் கொள்வது ஒரு குடும்பத்தின் காணியை மற்றதற்குள் கரைப்பதாகும். ஐயத்துக்குரிய இரட்டைகளைச் சுட்டிக்காட்டச் செய்து, இணைக்கும் முடிவை அடையாள இலக்கத்தையும் கிராம உத்தியோகத்தரின் சொல்லையும் கொண்டு மனிதரே எடுப்பது தக்கது.

அளவைச் சொற்களிலும் அவ்வாறே. மேட்டுக்காணிக் கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர் என்பதை யாழ்ப்பாணத்தாரும் அங்கிருந்து வந்து வன்னியில் குடியேறியோரும் அறிவர். ஆனால் பொதுத் தமிழில் பரப்பு என்றால் பரப்பளவு என்றே பொருள். "பரப்பு 24" என்று எழுதிய நிரையை, தமிழ்நாட்டு நூல்களையே பெரிதும் படித்து வளர்ந்த மொழி மாதிரி, 24 ஏக்கர் என்று விளங்கிக்கொண்டால் வியப்பில்லை. ஒன்றரை ஏக்கர் 24 ஏக்கராகிவிடும். நிரலின் தலைப்பில் அளவையை வெளிப்படையாக எழுதிவிட்டால் இவ்விபத்து நேராது.

இப்பட்டியல்களுக்கு வன்னியில் ஒரு தனிக் கனமும் உண்டு. 2008, 2009 ஆண்டுகளின் இறுதிப் போரில் மக்கள் இடத்துக்கு இடம் ஓடியபோது, காணி அனுமதிப்பத்திரங்களும் உறுதிகளும் அலுவலகப் பதிவேடுகளும் பெருமளவில் அழிந்தன. 2010இன் பின் மீளக் குடியேறியோர் பலருக்கு, தம் காணி தமதென்று காட்டுவதற்குக் கையில் கடதாசி இருக்கவில்லை. அயலவரின் சாட்சியத்தையும் எஞ்சிய இடாப்புகளையும் கொண்டே பெயர்கள் மீண்டும் எழுதப்பட்டன. அவ்வாறு எழுந்த பட்டியலில் ஒரு நிரை, தாளில் உள்ள ஒரு கோடு மட்டுமன்று. அதனை "வெற்று நிரை" என்றோ "இரட்டைப் பதிவு" என்றோ கருதி ஓர் இயந்திரம் துடைத்துவிடுமாயின், மீட்டெழுதச் சாட்சி கூற அந்த அயலவர் இன்று இல்லாமலும் இருக்கலாம். ஆகையால் மூலப் பட்டியலைத் தொடாமல் ஒதுக்கி வைத்துவிட்டு, அதன் படியொன்றின் மீதே எப்புதிய வசதியையும் பயன்படுத்துதல் வேண்டும். வேலை முடிந்ததும் நிரைகளின் எண்ணிக்கையும் ஏக்கர்களின் கூட்டுத்தொகையும் இரு தாள்களிலும் ஒன்றாக உள்ளனவா என்று நோக்குதல் வேண்டும்.

இன்னுமொன்று. அடையாள இலக்கமும் வங்கிக் கணக்கும் அடங்கிய பட்டியலை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் உரையாடற் பொறி ஒன்றில் ஒட்டி விளக்கம் கேட்பது இளைஞரிடையே எளிதாகப் பரவக்கூடிய பழக்கம். அப்பட்டியல் அக்கணமே நாட்டின் எல்லையைக் கடந்துவிடுகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இலங்கை நிறைவேற்றியது இத்தகைய செயல்களை நெறிப்படுத்துவதற்கே. பெயரையும் இலக்கங்களையும் நீக்கிவிட்டு, ஐந்தாறு கற்பனை நிரைகளை மட்டும் காட்டிச் சூத்திரத்தைக் கேட்டு வாங்கினால் போதும். கிடைத்த சூத்திரத்தை அலுவலகக் கணினியில் உள்ள மெய்யான பட்டியலில் இடலாம். இம்முறையில் தனிப்பட்ட கட்டணமும் வேண்டியதில்லை, இரகசியமும் காக்கப்படும்.

இவ்வளவு எச்சரிக்கை கூறியதனால் இவ்வசதிகள் வேண்டாதவை என்று கருதற்க. கமக்காரர் அமைப்பின் செயலாளர் பெரும்பாலும் ஒரு கமக்காரரே. பகலில் வயலிலும் இரவில் கணக்கிலும் நிற்பவர் அவர். ஆங்கிலத்தில் அமைந்த சூத்திரப் பெயர்களை மனனம் செய்யாமல், தமக்கு வேண்டியதைத் தமிழிலே எழுதிக் கேட்கலாம் என்பது அவருக்குப் பெரிய விடுதலை. 2024 யூன் மாதத்தில் கூகிளின் ஜெமினி செயலி ஒன்பது இந்திய மொழிகளில் வெளியானபோது தமிழும் அவற்றுள் இடம்பெற்றது. எவரோ எழுதி வைத்துவிட்டுப் போன நீண்ட சூத்திரத்தைக் காட்டி, "இதன் பொருள் என்ன?" என்று கேட்டால் படிப்படியாக விளக்குகிறது. இந்த ஒரு பயனே போதும் எனலாம். பாடசாலைகளில் தகவல் தொழினுட்பப் பாடத்தின் வழியே விரிதாளைக் கற்ற பிள்ளைகள் வீடுதோறும் உள்ளனர். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் உள்ளன. 2021 ஓகஸ்ட் முதலாம் நாள் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகத்தில் பிரயோக விஞ்ஞான பீடம் உண்டு. குளத்துக் கணக்கைச் சரிபார்க்கத் தெரிந்த கண்களுக்குக் குறைவில்லை.

சரிபார்க்குமிடத்துக் கழிவெண்களையும் மறவாது நோக்குக. 21,000 ஏக்கரில் 9,000 ஏக்கர் விதைப்பதென்றால் பங்கு ஏழில் மூன்று. மூன்று ஏக்கர்க் காணிக்கு அது 1 ஏக்கர் 1 றூட்டும் ஐந்தே முக்காலுக்குச் சற்றுக் குறைந்த பேர்ச்சும் ஆகும். படித்துக் காட்ட வசதியாக இருக்கட்டுமென்று, அதனை 6 பேர்ச்சு என முழுமையாக்கும்படி செயற்கை நுண்ணறிவு தானாகவே சூத்திரம் எழுதிவிடக்கூடும். ஒரு காணிக்குக் கால் பேர்ச்சைச் சிறிதே தாண்டிய மிகை, கண்ணுக்குத் தெரியாது. மூன்று ஏக்கர்க் காணிகள் 7,000 இருப்பின், அம்மிகை 2,000 பேர்ச்சாகத் திரண்டு பன்னிரண்டரை ஏக்கராகும். ஏக்கருக்கு 5 அடி வீதம், ஒதுக்கப்படாத 62 ஏக்கர் அடிக்கு மேற்பட்ட நீரை அது கேட்டு நிற்கும். அந்த நீர், வாய்க்காலின் கடைசியில் உள்ள வயலுக்குத்தான் எட்டாமற் போகும்.